நிரந்தரக் குடிகள் இல்லாத தீவு

கொழும்பிலிருந்து, இந்து சமுத்திரத்தின் சாகோஸ் தீவுக்கூட்டத்திலுள்ள டியேகோ கார்சியாவுக்கு நேர்க்கோடு இழுத்தால் ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் வரும். அத்தீவின் மீது இறைமை கோரி ஹேக் வரை சென்ற மொரிசியஸின் தலைநகர் போட் லூயிஸிலிருந்து பார்த்தால், அது 2,100 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அண்மையில் இருப்பது உரிமையாகாது என்பது சர்வதேச சட்டத்தில் நூறாண்டை நெருங்கும் விதி என்பதால், இந்தக் கணக்கைக் காட்டி இலங்கை எதையும் கேட்க முடியாது, கேட்கவும் இல்லை. ஆனாலும் இவ்வளவு பக்கத்திலுள்ள ஓர் இடத்தைப் பற்றி நமது பத்திரிகைகள் எழுதும்போது, அமெரிக்கப் படைத்தளம், இந்தியாவின் கவலை, சீனாவின் கணக்கு ஆகிய மூன்றையும் தாண்டி வருவது அரிது. சாகோஸ் தீவுக்கூட்டம் தொடர்பான தீர்ப்புகளையும் ஆவணங்களையும் வாசிக்க வாசிக்க, இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர் வாழும் நமது மலையகத்தின் கதைக்கு ஒன்றுவிட்ட உறவொன்று அங்கே கிடப்பதாகவே எனக்குப் பட்டது. அந்த உறவைச் சட்டத்தின் வழியே தொட்டுக்காட்ட முயல்கிறேன்.

முதலில், ஒரு நிலத்தின் மீது அரசொன்றுக்கு இறைமை எப்படி வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். கொழும்பின் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் காணி வழக்குகளோடு காலம் தள்ளுகிறவனுக்கு இது முற்றிலும் புதிய விடயம் அல்ல. ஒரு காணியை உன்னுடையது என்று சொல்ல உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், வேண்டும். அந்த உறுதியை எழுதித் தந்தவருக்கு அதற்கு முந்தைய உறுதி இருந்திருக்க வேண்டும். அது இல்லையென்றால், 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி பத்து வருடம் எவரது தடையுமின்றி, எவரது உரிமையையும் ஒப்புக்கொள்ளாமல் அதை ஆண்டிருக்க வேண்டும். அரசுகளுக்கிடையிலான சட்டமும் பெரும்பாலும் இந்த இரண்டு காலில்தான் நிற்கிறது. உறுதியின் இடத்தில் கையளிப்பு உடன்படிக்கை. பத்து வருட ஆட்சியின் இடத்தில் இடையறாத, அமைதியான அதிகாரச் செயற்பாடு. ஒரேயொரு பெரிய வேறுபாடு உண்டு. காணி வழக்கில் அந்தக் காணியில் குடியிருப்பவர் எதிராளியாகவோ சாட்சியாகவோ நீதிமன்றத்துக்குள் வந்துவிடுவார். இறைமை வழக்கில் குடியிருப்பவரை எவரும் அழைப்பதில்லை.

இதற்கு அடிக்கல்லாக எல்லாப் பாடநூல்களும் காட்டுவது 1928 ஏப்ரல் 4ஆம் திகதி மக்ஸ் ஹூபர் என்ற சுவிஸ் நடுவர் வழங்கிய பல்மாஸ் தீவுத் தீர்ப்பு. மின்டனாவோவுக்கும் இன்றைய இந்தோனேசியாவின் வடகோடித் தீவுகளுக்கும் இடையிலுள்ள, சில நூறு பேர் மட்டும் வாழ்ந்த ஒரு சிறு தீவு அது. 1898இல் ஸ்பெயின் தனக்குக் கையளித்த பிலிப்பைன்ஸுடன் சேர்த்து இதுவும் வந்துவிட்டது என்றது அமெரிக்கா. தனது கிழக்கிந்தியக் கம்பனி அப்பகுதி அரசர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களையும், அதன் பின்னர் தான் செலுத்திவந்த அதிகாரத்தையும் காட்டியது ஒல்லாந்து. ஸ்பெயின் கண்டுபிடித்தது என்பதோ, தீவு பிலிப்பைன்ஸுக்கு அண்மையில் இருக்கிறது என்பதோ போதாது. அதிகாரத்தைத் தொடர்ந்து செலுத்தியவருக்கே உரிமை என்று ஹூபர் ஒல்லாந்துக்குத் தீர்த்தார். ஒரு செயல் சட்டபூர்வமானதா என்பதை அது நடந்த காலத்துச் சட்டத்தைக் கொண்டே பார்க்க வேண்டும் என்ற விதியும் அந்தத் தீர்ப்பிலிருந்துதான் புகழ் பெற்றது. என்னை உறுத்துவது அதே தீர்ப்பின் இன்னொரு பகுதி. சுதேச அரசர்களோடு செய்த ஒப்பந்தங்கள் சரிநிகரான இரு தரப்புகளுக்கிடையிலான உடன்படிக்கைகள் அல்ல என்றும், அவை குடியேற்ற நாட்டை உள்ளுக்குள் ஒழுங்கமைத்துக்கொள்ளும் ஒரு முறை என்றும் ஹூபர் அதில் சொல்லிவிடுகிறார். ஒல்லாந்து தன் உரிமையை நிறுவ அந்த ஒப்பந்தங்களைக் காட்டலாம்; அதே ஒப்பந்தத்தைக் காட்டி அந்த அரசர் ஒல்லாந்தைக் கேள்வி கேட்க முடியாது.

இதை வாசிக்கும் இலங்கையர் எவருக்கும் கண்டி நினைவுக்கு வராமல் போகாது. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி அரண்மனையின் மகுல் மடுவவில் வாசிக்கப்பட்ட கண்டி உடன்படிக்கை இரு தரப்பும் கையொப்பமிட்டது. ஊவாக் கிளர்ச்சி அடக்கப்பட்ட பிறகு 1818 நவெம்பர் 21ஆம் திகதி ஆங்கிலேய ஆளுநரின் பிரகடனம் பிரதானிகளின் அதிகாரங்களை வெட்டிக் குறைத்தபோது மறுதரப்பின் கையொப்பம் தேவைப்படவில்லை. அதற்கும் முன்னே போனால் நிலைமை இன்னும் விசித்திரமானது. கோட்டை நகரை 1565இலேயே கைவிட்டு, போர்த்துக்கேயரின் பாதுகாப்பில் கொழும்பில் ஒதுங்கியிருந்த கோட்டை இராச்சிய மன்னன் தொன் ஜுவான் தர்மபாலன், 1580 ஓகஸ்ட் 12ஆம் திகதி தனது இராச்சியத்தைப் போர்த்துக்கல் மன்னருக்கு நன்கொடையாக எழுதிக்கொடுத்தான். அவன் கையில் அப்போது இராச்சியம் என்று சொல்லத்தக்க பெரும்பகுதி இருக்கவில்லை. 1597இல் அவன் இறந்ததும் அந்த உறுதி அமுலுக்கு வந்தது. புதுக்கடையில் எந்தக் கனிஷ்ட சட்டத்தரணியும் முதல் நாளே கிழித்துப் போடக்கூடிய உறுதி அது. ஆனால் 1656இல் கொழும்பு ஒல்லாந்தரிடம் வீழ்ந்தது, 1796இல் ஆங்கிலேயரிடம் வந்தது, 1802இல் அமியன்ஸ் உடன்படிக்கையில் கரையோர மாகாணங்கள் முறைப்படி பிரித்தானியாவுக்குக் கைமாறின. அந்த மேசையில் இந்தத் தீவிலிருந்து எவரும் உட்கார்ந்திருக்கவில்லை. அக்காலத்துச் சட்டம் அதை ஏற்றுக்கொண்டது என்பதால் இன்றைய சட்டமும் அதை ஏற்றுக்கொள்கிறது.

சாகோஸின் உறுதிச் சங்கிலியும் இதே காலத்தைச் சேர்ந்தது. நெப்போலியனின் தோல்விக்குப் பின் 1814இல் பாரிஸ் உடன்படிக்கையின் மூலம் மொரிசியஸையும் அதன் சார்புத் தீவுகளையும் பிரான்ஸ் பிரித்தானியாவுக்குக் கொடுத்தது. அன்றிலிருந்து 1965 வரை சாகோஸ் மொரிசியஸின் சார்புத் தீவுக்கூட்டமாகவே ஆளப்பட்டது. அங்கே தென்னந்தோட்டம் போட்டவர்கள் முதலில் பிரெஞ்சுக்காரர்கள். தேங்காய் உரித்துக் கொப்பரா காயவைத்தவர்கள் மடகஸ்காரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகள். அடிமை முறை ஒழிந்த பின் இந்தியாவிலிருந்தும் ஒப்பந்தத்தில் ஆட்கள் வந்தார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேயே பிறந்தார்கள், தேவாலயத்தில் திருமணம் செய்தார்கள், அங்கேயே புதைக்கப்பட்டார்கள். தங்களுக்கென ஒரு கிரியோல் மொழியும் வைத்திருந்தார்கள்.

1965 செப்டெம்பரில் மொரிசியஸ் தலைவர்கள் சுதந்திரத்தைப் பற்றிப் பேச லண்டன் போனபோது, பிரித்தானியப் பிரதமர் ஹரோல்ட் வில்சன் மொரிசியஸ் முதல்வர் சீவூசாகர் ராம்கூலத்தைத் தனியே சந்தித்தார். சுதந்திரம் கிடைக்கும் என்ற நம்பிக்கையைக் காட்டியே அவரைப் பயமுறுத்த வேண்டும் என்ற பொருளில் வில்சனுக்கு அதிகாரிகள் எழுதிக்கொடுத்த குறிப்பு இன்று பகிரங்க ஆவணம். முப்பது இலட்சம் பவுண் நட்டஈட்டுடன் சாகோஸ் பிரிக்கப்பட்டது. அந்த நவெம்பர் 8ஆம் திகதி சீஷெல்ஸின் மூன்று தீவுகளையும் சேர்த்துப் பிரித்தானிய இந்து சமுத்திர ஆள்புலம் என்ற புதிய குடியேற்ற நாடு உருவாக்கப்பட்டது. உலகெங்கும் குடியேற்ற நாடுகள் கலைந்துகொண்டிருந்த காலத்தில் புதிதாக ஒன்றைப் பிறப்பித்திருக்கிறார்கள். சீஷெல்ஸின் தீவுகள் 1976இல் திரும்பிப் போய்விட்டன. சாகோஸ் போகவில்லை, ஏனெனில் டியேகோ கார்சியா அமெரிக்காவுக்குத் தேவைப்பட்டது.

இங்கேதான் எனக்கு முக்கியமான இடம் வருகிறது. ஒரு குடியேற்ற நாட்டில் மக்கள் வாழ்ந்தால், ஐ.நா. சாசனத்தின் 73ஆம் உறுப்புரையின்படி அவர்களின் நலனைப் பற்றி ஆளும் அரசு உலகுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். என்றாவது ஒருநாள் அவர்களின் விருப்பத்தையும் கேட்க வேண்டியிருக்கும். மக்களே இல்லையென்றால் இந்தத் தொல்லை இல்லை. ஆகவே லண்டனில் இருந்த அதிகாரிகள் கண்டுபிடித்த வழி, அங்கே இருப்பவர்கள் மொரிசியஸிலிருந்தும் சீஷெல்ஸிலிருந்தும் வந்து போகும் ஒப்பந்தத் தொழிலாளர்கள், நிரந்தரக் குடிகள் அல்லர் என்று எழுதிவிடுவது. இரண்டாம் தலைமுறையினர் அங்கே இருப்பது எழுதியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. 1970இல் ஒரு சட்ட ஆலோசகர் தனது குறிப்பில் ஒரு பகுதிக்கு ‘புனைவைப் பேணுதல்’ என்றே தலைப்பிட்டிருக்கிறார். கடற்பறவைகளைத் தவிர அங்கே சுதேசக் குடிகள் எவரும் இருக்கமாட்டார்கள் என்று 1966இலேயே ஒரு மேலதிகாரி எழுதியிருந்தார். இவற்றை எழுதியவர்கள் கொடூரமானவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்குத் தோன்றுவது, அவர்கள் சட்டத்தை நன்றாகப் படித்தவர்கள் என்பதே. மக்களை ஒரு வகைக்குள் போட்டுவிட்டால் உரிமை தானாகவே உதிர்ந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

1967இல் தோட்டங்களை 6,60,000 பவுணுக்கு அரசே வாங்கியது. மருத்துவத்துக்காகவோ உறவினரைப் பார்க்கவோ மொரிசியஸ் போனவர்களிடம் திரும்பிப் போகக் கப்பல் இல்லை, தீவு விற்கப்பட்டுவிட்டது என்றார்கள். 1971இல் டியேகோ கார்சியா காலியாக்கப்பட்டது. 1973க்குள் பேரோஸ் பன்யோஸ் உட்பட மற்றத் தீவுகளும் காலியாகின. வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,500 முதல் 2,000 பேர். அவர்கள் வளர்த்த நாய்களைச் சுடவும் நஞ்சிடவும் பார்த்துச் சரிவராமல், கொப்பரா உலர்த்தும் சூளைக் கட்டடத்துக்குள் அடைத்துப் படை வாகனங்களின் புகையைச் செலுத்திக் கொன்றிருக்கிறார்கள். மாட்டிறைச்சித் துண்டுகளை வைத்து நாய்களை உள்ளே வரவழைத்தார்களாம். தங்கள் நாய்கள் குரைக்கும் சத்தத்தை வெளியே நின்று கேட்டவர்கள்தான் அதன் பிறகு கப்பலேறினார்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர்கள், வந்து போகிறவர்கள், நிரந்தரமற்றவர்கள் ஆகிய இந்தச் சொற்களை நான் முதன்முதலில் கேட்டது சாகோஸைப் பற்றி அல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தான் இந்த நாட்டில் பிறந்ததைக் காட்டினால் போதாது, தந்தையும் இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும், இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்ட வேண்டும் என்றது. லயத்துப் பிரசவங்களைப் பதிவு செய்யும் வழக்கமே ஒழுங்காக இல்லாத காலம் அது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பிரஜைகளுக்கு மட்டும் என்றாயிற்று. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவுப் பிரஜையாக வேண்டுமானால், திருமணமானவர் 7 வருடங்களும் மற்றவர் 10 வருடங்களும் இடையறாமல் இங்கே வதிந்ததை நிறுவ வேண்டும். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்த என் அம்மாயி, தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலின் பழைய பிரதிகளையும் துரையின் கையொப்பமிட்ட ஒரு கடிதத்தையும் மடித்த இடத்தில் பிய்ந்துபோன பிறகும் துணிப்பையொன்றில் வைத்திருந்தார். இதையெல்லாம் எதற்கு இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், “செக்ரோல்ல பேரு இல்லேன்னா நீ ஊர்லயே இல்லேன்னு எழுதிப்புடுவாங்க ராசா” என்பார். அவருடைய அண்ணன் தன் தகப்பனின் கருமாதிக்குத் திருச்சிப் பக்கம் போய் நாள் கடந்து திரும்பியதை வைத்தே அவரது வதிவு அறுந்துவிட்டது என்று விண்ணப்பத்தைத் தள்ளியிருக்கிறார்கள். பின்னாளில் அந்தக் குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறிற்று.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9,75,000 பேர் கணக்கிடப்பட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது. பத்து வருடம் கழித்து அந்த மீதியைச் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். கணக்கிடப்பட்டவர்களில் எவரிடமும் கேட்கவில்லை. சாகோஸுக்கும் இதற்குமான வேறுபாடுகள் எனக்குத் தெரியாமல் இல்லை. அங்கே ஒரு வல்லரசு ஒரு தீவைக் காலி செய்தது. இங்கே புதிதாகச் சுதந்திரம் பெற்ற இரு நாடுகள் தங்கள் பிரஜைகள் யார் என்று தீர்மானித்தன. அங்கே மக்கள் முற்றாக அகற்றப்பட்டார்கள். இங்கே பாதிக்குமேல் தங்கிவிட்டார்கள், 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு நாடற்றவர் என்ற நிலையும் பெருமளவு முடிவுக்கு வந்தது. ஆனால் வெள்ளையர் தோட்டத்துக்காக ஓரிடத்திலிருந்து பெயர்த்து வரப்பட்ட மனிதரை, அந்தத் தோட்டத்தின் தேவை முடிந்ததும் தற்காலிகமானவர் என்று எழுதிவைக்கும் அந்த வகை இரண்டு இடங்களிலும் ஒன்றே. குடியேற்ற ஆட்சி விட்டுச்சென்ற சொத்துகளில் எல்லைக்கோடுகளைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. இந்த வகையும் அதே பெட்டிக்குள்தான் வந்தது.

நீதிமன்றங்கள் என்ன சொல்லின என்று பார்த்தால் உறவு இன்னும் நெருங்குகிறது. சுதந்திரத்தின்போது இலங்கை பெற்ற சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, இந்தத் தீவின் அமைதி, ஒழுங்கு, நல்லாட்சி ஆகியவற்றுக்காகச் சட்டமியற்றும் அதிகாரத்தைப் பாராளுமன்றத்துக்குத் தந்தது. எந்தச் சமூகத்தையும் குறிவைத்து இடர்ப்படுத்தக் கூடாது என்ற தடையும் அதே பிரிவில் இருந்தது. கோடக்கன் பிள்ளை எதிர் முதனாயக்க வழக்கு 1953இல், அன்று இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த கோமறைக் கழகத்துக்குப் போனபோது, தனது பிரஜைகள் யார் என்பதைத் தீர்மானிப்பது எந்தச் சட்டமன்றத்துக்கும் இயல்பான பணி என்று சொல்லி, பிரஜாவுரிமைச் சட்டத்தையும் வாக்குரிமைச் சட்டத்தையும் லண்டன் நீதிபதிகள் செல்லும் என்றார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 2000 நவெம்பரில், ஒலிவியே பான்கூல் என்ற சாகோஸியர் தொடுத்த வழக்கில் இங்கிலாந்து மேல் நீதிமன்றம் அதே சொற்றொடரை எடுத்துக்கொண்டு நேர்மாறாகச் சொன்னது. அமைதியும் ஒழுங்கும் நல்லாட்சியும் மக்களை ஆள்வதற்கான அதிகாரம், மக்களையே அகற்றுவதற்கான அதிகாரம் அதில் அடங்காது என்றது. நான் வாசித்த தீர்ப்புகளில் மனம் நிறைந்த சிலவற்றுள் அது ஒன்று. ஆயுள்தான் குறைவு. 2004இல் அரசியின் ஆணையொன்றால் தீவுக்குத் திரும்பும் உரிமை மறுபடியும் பறிக்கப்பட்டது. 2008இல், அப்போது பிரித்தானியாவின் உச்ச மேன்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அந்த ஆணையை ஏற்றது. வதியும் உரிமை சட்டத்தால் வந்தது, ஆகவே சட்டத்தால் போகவும் கூடும் என்பதே ஹொஃப்மன் பிரபுவின் தர்க்கம். அம்மாயி அதைத் தன் மொழியில் எப்போதோ சொல்லியிருந்தார்.

சொந்த நீதிமன்றத்தில் மக்கள் தோற்ற பிறகுதான் வழக்கு நிலத்தின் பெயரில் திரும்பி வந்தது. ஐ.நா. பொதுச் சபை கேட்டதற்கிணங்க, 2019 பெப்ரவரி 25ஆம் திகதி சர்வதேச நீதிமன்றம் தனது ஆலோசனைக் கருத்தை வழங்கியது. 1968இல் மொரிசியஸ் சுதந்திரமடைந்தபோது அதன் குடியேற்ற நீக்கம் சட்டப்படி முற்றுப்பெறவில்லை. சாகோஸைப் பிரித்தது சம்பந்தப்பட்ட மக்களின் சுதந்திரமான, உண்மையான விருப்பத்தின் மேல் நடந்ததல்ல. ஆகவே பிரித்தானியா தன் நிருவாகத்தை இயன்ற விரைவில் முடிக்க வேண்டும் என்று 13க்கு 1 என்ற கணக்கில் நீதிபதிகள் கூறினார்கள். மே மாதத்தில் பொதுச் சபையும் 116க்கு 6 என்று அதை ஆதரித்தது. ஹூபரின் தீர்ப்போடு இதை வைத்துப் பார்த்தால் பெரிய மாற்றம்தான். ஆளும் அரசின் செயற்பாட்டை மட்டும் பார்க்காமல், மக்கள் விரும்பினார்களா என்று கேட்டிருக்கிறார்கள். ஆனால் எந்த மக்கள் என்ற கேள்விக்கு நீதிமன்றத்தின் பதில் மொரிசியஸ் மக்கள் என்பதாகவே இருந்தது. விசாரணையின்போது சாகோஸில் பிறந்த ஒரு பெண்மணியின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவாகப் போட்டுக் காட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அவர் கிரியோலில் பேசியதை அத்தனை நீதிபதிகளும் கேட்டார்கள். கருத்தின் இறுதியில் சாகோஸியர்களை மீளக் குடியமர்த்துவது மனித உரிமைப் பிரச்சினை, அதைப் பொதுச் சபை கவனிக்கட்டும் என்று ஒரு பந்தி இருக்கிறது.

நீதிமன்றம் பெரிதும் சாய்ந்து நின்றது ஐ.நா. பொதுச் சபையின் 1960 டிசெம்பர் 14ஆம் திகதிய 1514ஆம் இலக்கத் தீர்மானத்தின் மேல். அதன் இரண்டாம் பந்தி எல்லா மக்களுக்கும் சுயநிர்ணய உரிமை உண்டு என்கிறது. ஆறாம் பந்தி ஒரு நாட்டின் ஆள்புல ஒருமைப்பாட்டைக் குலைக்கும் எந்த முயற்சியும் சாசனத்துக்கு முரணானது என்கிறது. சாகோஸை மொரிசியஸுக்குத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது ஆறாம் பந்தி. குடியேற்ற ஆட்சி வரைந்த அலகு எதுவோ, அது அப்படியே முழுதாகச் சுதந்திரமடைய வேண்டும், இடையில் வெட்டக் கூடாது. 1964இல் கெய்ரோவில் ஆபிரிக்க நாடுகள் ஏற்றுக்கொண்டதும், 1986இல் புர்கினா ஃபாசோவுக்கும் மாலிக்கும் இடையிலான வழக்கில் சர்வதேச நீதிமன்றம் பொது விதி என்று உறுதிப்படுத்தியதும் இதே எண்ணத்தைத்தான். சுதந்திரமடைந்த நாளில் நிலம் இருந்த நிலையை ஒரு புகைப்படம்போல உறையவைத்துவிட வேண்டும் என்றது நீதிமன்றம். அதற்குச் சற்று முன், 1985 டிசெம்பரில், அதே எல்லைக்காக இரு நாடுகளும் போரிட்டிருந்தன என்பதால், நீதிபதிகளின் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் அதே ஆறாம் பந்தியை யாழ்ப்பாணத்திலிருந்து வாசிப்பவருக்கு அது வேறு முகம் காட்டும். யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்ததும், கோட்டையும் கண்டியும் யாழ்ப்பாணமும் ஒரே நிருவாகத்தின் கீழ் வந்தது 1833இல்தான் என்பதும் வரலாறு. இழந்த இறைமை மீண்டும் தம்மையே சேரும் என்ற வாதம் தனித் தமிழ் அரசு கோரிய 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் பின்னணியில் இருந்தது. சர்வதேச சட்டம் அந்த வாதத்துக்குக் கதவு திறக்கவில்லை. உறையவைத்த புகைப்படத்தில் இருப்பது 1833க்குப் பிந்தைய இலங்கை. நாட்டுக்குள், பிரிவினை கோருவதைத் தடைசெய்த 1983இன் ஆறாவது அரசியலமைப்புத் திருத்தம் அந்தக் கதவை உட்பக்கமாகவும் பூட்டியது. இதில் குறிப்பிடத்தக்க அசைவு என்று நான் கருதுவது 2017 ஓகஸ்டில் இலங்கை உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. இலங்கைத் தமிழரசுக் கட்சி தனிநாடு கோருகிறது என்று தொடுக்கப்பட்ட மனுவைத் தள்ளுபடி செய்த நீதியரசர்கள், சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பதாகாது என்றும், ஒரு நாட்டுக்குள்ளேயே நிறைவேறக்கூடிய சுயநிர்ணயம் வேறு, பிரிந்துபோகும் சுயநிர்ணயம் வேறு என்றும் கூறினார்கள். அந்தத் தீர்ப்பு பெற்றிருக்க வேண்டிய கவனத்தைத் தமிழ் வாசகர்களிடமும் சிங்கள வாசகர்களிடமும் பெறவில்லை என்பது என் எண்ணம்.

கச்சதீவைச் சொல்லாமல் கொழும்பிலிருந்து இப்படியொரு கட்டுரை எழுத முடியாது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1921 ஒக்டோபரில் இந்த நகரத்தில் கூடி மீன்பிடி எல்லையைப் பேசியவர்கள் சென்னை அரசின் தூதுக்குழுவும் இலங்கை அரசின் தூதுக்குழுவும். இரண்டும் ஒரே முடிக்குக் கீழே இயங்கியவை. அன்றைய கோடு 1974 உடன்படிக்கைக்கு முன்னோடியாயிற்று. 1974இன் ஐந்தாம் உறுப்புரை இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் இதுவரை போலவே கடவுச்சீட்டின்றி அத்தீவுக்கு வந்துபோகலாம் என்றது; 1976இன் கடிதப் பரிமாற்றம் ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்றது. இறைமை யாருக்கு என்ற கேள்வி தீர்ந்துபோனது. பேசாலையிலும் இராமேஸ்வரத்திலும் வலை போடுகிறவர்களின் கேள்வி தீரவில்லை, இழுவைப் படகுகள் வந்த பிறகு அது இன்னும் கூர்மையாயிற்று.

1964இல் சாஸ்திரியோடும் 1974இல் இந்திரா காந்தியோடும் கையெழுத்திட்ட அதே சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசுதான் 1971இல் இந்து சமுத்திரத்தை அமைதி வலயமாக்க வேண்டும் என்று ஐ.நா.வில் முன்மொழிந்தது. 61 நாடுகள் ஆதரிக்க, எவரும் எதிர்க்காமல், 55 நாடுகள் வாக்களிக்காதிருக்க, டிசெம்பர் 16ஆம் திகதி அது நிறைவேறியது. துணிச்சலான முன்மொழிவு அது. வல்லரசுகளின் தளங்களைப் பற்றி அதில் பேசப்பட்டிருக்கிறது. அதே வருடத்தில் அத்தகைய தளமொன்றுக்காகக் கப்பலேற்றப்பட்ட தீவாரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இலங்கை மட்டுமல்ல, அந்நாளில் எந்த நாடும் அவர்களைப் பேசவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஐம்பது வருடம் மக்களே இல்லாத தீவென்று காக்கப்பட்ட டியேகோ கார்சியாவில் 2021 ஒக்டோபரில் மக்கள் வந்து இறங்கினார்கள். அவர்கள் இலங்கைத் தமிழர்கள். கனடாவை நோக்கிப் போன மீன்பிடிப் படகு பழுதாகி, பிரித்தானியக் கடற்படையால் கரை சேர்க்கப்பட்டவர்கள். குழந்தைகளும் அவர்களில் இருந்தார்கள். அந்த ஆள்புலத்தில் புகலிடம் கோரிய முதல் மனிதர்கள் அவர்களே. அகதிகள் சாசனம் இந்த ஆள்புலத்துக்கு நீடிக்கப்படவில்லை என்றது லண்டன். அவர்கள் வேலியிட்ட கூடார முகாமில் மூன்று வருடம் வைக்கப்பட்டார்கள். எலிகள் கூடாரத்துக்குள் வந்துபோன முகாம் அது. 2024 செப்டெம்பரில் நீதிபதி தீவுக்கே வந்து முகாமைப் பார்த்தார். டிசெம்பரில், அவர்களில் பெரும்பாலோர் பிரித்தானியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட வேளையில், அவர்களைத் தடுத்து வைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தார். ஒரு நிலத்தைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்த, அங்கே எவருமில்லை என்று எழுதினால் போதும் என்ற பழைய உத்தி, எவராவது உண்மையில் வந்து நிற்கும்போது என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியாது. இனி வருகிறவர்களை என்ன செய்வது என்பதற்கு 2024 ஒக்டோபரில் ஒரு ஏற்பாடு செய்யப்பட்டது. அத்திலாந்திக்கில் உள்ள சென் ஹெலினாவுக்கு, அதாவது பிரித்தானியாவின் இன்னொரு தூரத்துத் தீவுக்கு, அனுப்புவது.

2025 மே 22ஆம் திகதி மொரிசியஸும் பிரித்தானியாவும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. சாகோஸ் முழுவதற்குமான இறைமை மொரிசியஸுக்கு. டியேகோ கார்சியா 99 வருடக் குத்தகைக்குப் பிரித்தானியாவின் கையில், சராசரியாக வருடம் 10 கோடியே 10 இலட்சம் பவுணுக்கு. சாகோஸியர்களுக்கென 4 கோடி பவுண் நம்பிக்கை நிதி. அன்று விடிவதற்கு முன் டியேகோ கார்சியாவில் பிறந்த இரண்டு பெண்கள், தங்களைக் கேட்காமல் கையெழுத்திடக் கூடாதென்று லண்டனில் இடைக்காலத் தடை பெற்றார்கள். சில மணித்தியாலத்தில் தடை நீக்கப்பட்டு, அன்றே கையெழுத்தும் நடந்தது. இறைமை மொரிசியஸுக்குப் போவது சரியென்றே நான் நினைக்கிறேன். 1965இல் நடந்த களவு அவ்வளவு வெளிப்படையானது. உடன்படிக்கையின் ஆறாம் உறுப்புரையில்தான் மனம் தடைப்படுகிறது. டியேகோ கார்சியா தவிர்ந்த தீவுகளில் மீள்குடியேற்றத் திட்டமொன்றை நடைமுறைப்படுத்த மொரிசியஸுக்குச் சுதந்திரம் உண்டு என்கிறது அது. தீவாருக்குத் திரும்பும் உரிமை உண்டென்று அதில் எழுதப்படவில்லை. பெரும்பாலோர் வாழ்ந்த, பெற்றோரின் கல்லறைகள் இருக்கிற டியேகோ கார்சியா அந்தச் சுதந்திரத்துக்குள்ளும் வராது.